இளைப்பாறும் இசை

'ரிலாக்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நிகர்ச்சொல் தேடினால் தளர்தல், ஓய்ந்திருத்தல் என்று சில அகப்படுகின்றன. அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர், இறுகியிருப்பதை நெகிழ்த்துவதைக் குறிப்பது. நம்மிடம் உள்ள 'இளைப்பாறுதல்' அதைவிட ஆழமானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இளைப்பு, ஆறுதல் என்று பிரியும் சொல் அது. இளைத்தவருக்கே இளைப்பாறுதல் உண்டு. ஓடாதவருக்கு ஓய்வு கிட்டலாம், இளைப்பாறுதல் கிட்டாது. 'ஆறுதல்' என்பதோ சூடு தணிவது, புண் ஆறுவது, துயரம் அமைவது என மூன்றையும் ஒருசேரச் சுமக்கிறது. பாரம் சுமப்பவர்களை இயேசு தம்மிடம் அழைக்கும் இடத்தில், தமிழ் விவிலியத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொல்லையே இட்டிருக்கிறார்கள்.

இந்தச் சொல்லாராய்ச்சிக்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் நாட்களில் நான் தேடிக் கேட்கும் இசை ஒன்று இருக்கிறது. மேலை நாட்டு மரபான கிறிஸ்துமஸ் பாடல்களைக் குரல் இல்லாமல், பியானோவிலோ கிதாரிலோ சிறு குழுவாகவோ மெதுவாக வாசித்த பதிவுகள். பெரும்பாலும் அவற்றின் அட்டையில் 'ரிலாக்சிங்' என்ற சொல் இருக்கும். விடுமுறைக் காலத்தில் பின்னணியில் ஓடவிட்டு, தேநீர் அருந்தியபடி அரைக் காதால் கேட்பதற்கென்று செய்யப்பட்டவை. தீவிர இசை ரசிகர்கள் இவற்றை மதிப்பதில்லை. 'லிஃப்டில் கேட்கிற இசை' என்பது அவர்கள் தரும் பட்டம்.

நானோ தமிழ் கற்பிப்பவன். சொல்லை விட்டால் எனக்கு வேறு பிழைப்பில்லை. ஓர் அடியில் ஒரு சொல் இடம் மாறினால் பொருள் எப்படி மாறும் என்று ஆண்டு முழுவதும் மாணவர்களிடம் பேசுகிறவன், சொல்லை அகற்றிய பாடல்களை எதற்காக இத்தனை விருப்பத்தோடு கேட்க வேண்டும்? நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். அவருக்கு வாயால் சொன்ன விடை போதவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

* * *

'கேரல்' என்ற சொல் தொடக்கத்தில் பக்திப் பாடலைக் குறித்ததன்று. இடைக்கால பிரான்சில் வட்டமாகக் கைகோத்து ஆடிய ஆட்டத்துக்கும் அதன் பாட்டுக்கும் அது பெயர். நம் குரவைக்கு அண்மையிலானது என்று கொள்ளலாம். ஆட்டத்தில் பிறந்த வடிவமாதலால் சுற்றிச் சுற்றி வரும் அமைப்பு அதற்குண்டு. சிறு சிறு அடிகள், மீண்டும் வரும் மெட்டு, எவரும் சேர்ந்துகொள்ளக்கூடிய எளிமை. இந்தக் குணங்கள்தான் பிற்காலத்தில் இப்பாடல்களைக் கருவியிசைக்கு ஏற்றவையாக்கின. கேட்பவர் நடுவில் கவனம் சிதறி அடுப்பில் கொதிக்கும் பாலைப் பார்க்கப் போய்விட்டு வரலாம். திரும்பி வந்ததும் இழையைப் பிடித்துக்கொள்ள முடியும். ராக ஆலாபனையில் இது நடவாது.

இன்னொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. நாம் ஒன்றாகவே பிறந்தவை என்று நம்பும் சொல்லும் மெட்டும் பல பாடல்களில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவை. 'ஹார்க் த ஹெரால்ட் ஏஞ்சல்ஸ் சிங்' பாடலின் சொற்கள் 1739ஆம் ஆண்டு சார்லஸ் வெஸ்லி வெளியிட்டவை, பின்னர் பிறரால் திருத்தப்பட்டவை. மெட்டு, அச்சுக்கலையின் நானூறாம் ஆண்டு விழாவில் கூட்டன்பர்க்கைப் போற்றுவதற்காக மெண்டல்சன் 1840இல் ஆண்குரல்களுக்கும் பித்தளைக் கருவிகளுக்கும் எழுதியது. இந்த மெட்டு சமயச் சொற்களுக்குப் பொருந்தாது என்பது அவருடைய கருத்து. அவர் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, 1855இல் வில்லியம் கம்மிங்ஸ் என்ற ஆங்கிலேய இசைஞர் அந்த மெட்டையே இந்தச் சொற்களுக்குப் பொருத்தினார். இன்று உலகம் அப்படித்தான் பாடுகிறது.

'வாட் சைல்ட் இஸ் திஸ்' இன்னும் வியப்பானது. 1865இல் காப்பீட்டு நிறுவனமொன்றில் பணிபுரிந்த வில்லியம் சாட்டர்டன் டிக்ஸ் கடும் நோயிலிருந்து தேறிவந்த காலத்தில் எழுதியது. அது அமர்ந்திருக்கும் மெட்டு 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்ற பதினாறாம் நூற்றாண்டுக் காதற்பாட்டினுடையது. கைவிட்டுப் போன பெண்ணை நினைந்து ஏங்கும் ஆணின் பாட்டு. அகத்துறைப் பாடல் ஒன்று முந்நூறு ஆண்டுகள் கழித்துத் தாலாட்டாகிவிட்டது. சொற்கள் மாறின. மெட்டில் இருந்த ஏக்கம் மட்டும் மாறவில்லை. குரலை நீக்கிவிட்டு அதை வயலினில் கேட்கும்போது, காதலனின் ஏக்கமா, குழந்தையைக் கண்ட வியப்பா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

'கேரல் ஆஃப் த பெல்ஸ்' பாடலின் கதை துயரமானது. உக்ரைனைச் சேர்ந்த மிக்கோலா லியோன்டோவிச் பழைய நாட்டுப்புற மெட்டொன்றை எடுத்துக் குழுப்பாடலாக அமைத்தார். 1916 டிசம்பரில் கீவ் நகரில் அது முதன்முதலில் பாடப்பட்டது. மூலப்பாடலில் மணியுமில்லை, கிறிஸ்துமஸுமில்லை. வீட்டுக்குள் பறந்துவரும் தகைவிலான் குருவி, வீட்டுத் தலைவனை வெளியே வந்து பெருகியிருக்கும் ஆட்டுக்குட்டிகளைப் பார்க்கும்படி அழைக்கிறது. அது புத்தாண்டுக்கு வளம் வேண்டும் பாட்டு. 1921 ஜனவரியில் தம் பெற்றோர் வீட்டில் தங்கியிருந்த லியோன்டோவிச்சை, அங்கே விருந்தாளியாக வந்து தங்கிய சோவியத் இரகசியக் காவலன் சுட்டுக் கொன்றான். மறு ஆண்டு அக்டோபரில் உக்ரைன் பாடகர் குழு அந்தப் பாடலை நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பாடியது. 1936இல் பீட்டர் வில்ஹவுஸ்கி என்ற அமெரிக்கர் அதற்கு மணிகளைப் பற்றிய ஆங்கிலச் சொற்களை எழுதினார். குருவி பறந்துபோனது, மணி வந்தது. இன்று அந்த மெட்டைப் பியானோவில் மட்டும் கேட்கையில், மூன்றே சுரங்களுக்குள் திரும்பத் திரும்பச் சுழலும் அந்த நான்கு ஒலிகளில் சிறகடிப்பும் கேட்கிறது, மணியும் கேட்கிறது. எந்தச் சொல்லும் இன்னொன்றைத் துரத்துவதில்லை.

ஆகவே, சொல்லை நீக்கிய கேரலை அங்கம் இழந்த பாடல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வாடகைக்கு வந்து வந்து போன சொற்களை எல்லாம் பார்த்துவிட்ட பழைய வீடு அது.

* * *

இத்தகைய இசையைப் பற்றிப் பேசும்போது அதன் வணிகப் பக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. 1934இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மியூசாக் நிறுவனம், அலுவலகங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் கம்பி வழியே இசையை விற்றது. பிற்காலத்தில் பதினைந்து நிமிடத் தொகுதிகளாக, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, இடையிடையே மௌனம் விட்டு, தொழிலாளியின் சோர்வைப் போக்கி வேலையை மிகுவிக்கும் திட்டம் ஒன்றையும் அது வகுத்தது. அங்கே இளைப்பாறுதல் என்பது மறுபடியும் ஓடவைப்பதற்கான ஏற்பாடு. டிசம்பரில் பேரங்காடிகளில் வழிந்துகொண்டிருக்கும் கேரல் இசையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதை விமர்சிப்பவர்களோடு எனக்குப் பெரிய முரண்பாடில்லை.

எனினும், அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1966 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஐ.எக்ஸ் தொலைக்காட்சி ஒரு விசித்திரமான நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. கணப்பில் எரியும் விறகுக்கட்டை. அவ்வளவுதான். பதினேழு விநாடிப் படத்துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, பின்னணியில் மென்மையான வாத்தியக்குழுக்களின் கிறிஸ்துமஸ் இசையை ஒலிக்கவிட்டார்கள். விளம்பரமே இல்லாமல் மூன்று மணிநேரம். அடுக்குமாடியில் கணப்பு இல்லாமல் வாழும் நகரத்து மக்களுக்கு அதுவே கணப்பாயிற்று. 1989 வரை ஆண்டுதோறும் தொடர்ந்து பின்பு நின்றுபோனது. அதை மீண்டும் கொண்டுவந்த ஆண்டு 2001. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்த நகரம், கொண்டாடவும் முடியாமல் பண்டிகையை ஒதுக்கவும் முடியாமல் இருந்தபோது, யாரும் பேசாத அந்த நெருப்பையும் யாரும் பாடாத அந்தப் பாடல்களையும் கேட்டு வாங்கிக்கொண்டது.

இளைப்பாறுதலில் இப்படியும் ஒரு வகை உண்டு.

* * *

இவ்வகையில் கலையாகவே உயர்ந்து நிற்கும் மூன்று பதிவுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மூன்றும் அமெரிக்காவில் பிறந்தவை.

முதலாவது, வின்ஸ் குவரால்டி தம் மூவர் குழுவோடு 1965இல் வெளியிட்ட 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்'. சார்லஸ் ஷுல்ஸின் சித்திரத் தொடரை ஒட்டிய தொலைக்காட்சிப் படத்துக்காக அமைத்தது. எல்லோரும் மகிழ்ந்திருக்கும் பண்டிகையில் தனக்கு மட்டும் ஏன் மகிழ்ச்சி வரவில்லை என்று குழம்பும் சிறுவனின் கதை. குழந்தைகளுக்கான படத்தில் ஜாஸ் இசையா என்று தொலைக்காட்சி நிறுவனத்தார் தயங்கினார்கள். 'ஓ டானன்பாம்' என்ற பழைய ஜெர்மானியப் பாடலை குவரால்டி எடுக்கும் விதத்தைக் கேளுங்கள். முதலில் பியானோ மட்டும் தாளக்கட்டின்றி மெட்டை மெல்லச் சொல்லிப் பார்க்கிறது. பிறகு டபுள் பாஸும், தூரிகைக் குச்சியால் வருடப்படும் டிரம்மும் சேர்ந்துகொள்ள, பாட்டு எழுந்து நடக்கத் தொடங்குகிறது. மகிழ்ச்சியின் ஓரத்தில் ஒரு தனிமை நின்றுகொண்டே இருக்கும் இசை இது.

இரண்டாவது, ஜான் ஃபேஹி 1968இல் தனிக் கிதாரில் வாசித்த 'த நியூ பாசிபிலிட்டி'. உருக்குக் கம்பி கட்டிய கிதார். கட்டைவிரல் கீழ்க்கம்பிகளில் மாறி மாறித் தட்டித் தாளத்தைக் காக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டை எடுத்துச் செல்லும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின புளூஸ் கலைஞர்களிடமிருந்து ஃபேஹி கற்ற முறை அது. 'ஜாய் டு த வேர்ல்ட்' பாடலின் முதலடி, மேல் சட்ஜத்திலிருந்து கீழ்ச் சட்ஜம் வரை ஒரு சுரமும் விடாமல் இறங்கும். நம் கணக்கில் சங்கராபரணத்தின் முழு அவரோகணம். பாடகர் குழு பாடும்போது வெற்றி முழக்கமாகக் கேட்கும் அந்த இறக்கம், ஃபேஹியின் கைகளில் படியிறங்கி வாசலுக்கு வரும் மனிதனின் நடைபோல் ஆகிவிடுகிறது. பாட்டின் கண்ணியம் குறையவில்லை, உயரம் மட்டும் நம் தோளளவுக்கு வந்திருக்கிறது.

மூன்றாவது, ஜார்ஜ் வின்ஸ்டனின் 'டிசம்பர்'. 1982இல் விண்டம் ஹில் நிறுவனம் வெளியிட்ட தனிப் பியானோ பதிவு. அமெரிக்காவில் மட்டும் முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. வின்ஸ்டன் தம் வாசிப்பை 'நாட்டுப்புறப் பியானோ' என்றே அழைத்துக்கொண்டார். மொன்டானா மாநிலத்தின் நீண்ட பனிக்காலத்தில் வளர்ந்தவர். 2023இல் மறைந்தார். இத்தொகுப்பில் 'த ஹோலி அண்ட் தி ஐவி' போன்ற ஆங்கில மரபுப் பாடலும் உண்டு, முன்பு சொன்ன உக்ரைன் மெட்டும் உண்டு, பாக்கெல்பெல்லின் 'கேனன்' மீதான கற்பனையும் உண்டு.

பியானோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குரலும் வயலினும் ஒரு சுரத்தைப் பிடித்து வளர்க்க வல்லவை. பியானோவால் அது இயலாது. சுத்தியல் கம்பியைத் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். வேகமான பாடலில் இது தெரியாது. ஆனால் நாமறிந்த மெட்டைப் பாதி வேகத்தில் வாசிக்கும்போது, ஒவ்வொரு சுரமும் பிறந்து, தேய்ந்து, ஏறக்குறைய மறைந்தபின் அடுத்தது வருகிறது. அந்த இடைவெளியை மெட்டு தெரிந்த காது தானே நிரப்பிக்கொள்கிறது. நல்ல கலைஞர் அறிந்தே இந்த இடைவெளியை விடுகிறார். சுரக்கட்டின் நடுச்சுரத்தை விலக்கிச் சட்ஜ பஞ்சமத்தை மட்டும் ஒலிக்கவிட்டு, மகிழ்ச்சியா துயரமா என்று உறுதி செய்யாமல் நிறுத்துகிறார். முடிவுச் சுரத்துக்கு வந்து சேராமலே சிலநேரம் விட்டுவிடுகிறார். நம் இலக்கணம் 'எச்சம்' என்று சொல்லும் உத்தி அது. முற்றுப்பெறாத வினை, முடிக்கும் சொல்லைக் கேட்பவரிடம் வேண்டி நிற்கிறது.

* * *

2016 அக்டோபரில் என் தாயார் காலமானார். எங்கள் ஊர் பாளையங்கோட்டை. துக்கம் நிகழ்ந்த ஆண்டில் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. வாசலில் நட்சத்திரம் தொங்காது. புத்தாடை எடுப்பதில்லை. முறுக்கும் அதிரசமும் அண்டை வீடுகளிலிருந்து வரும், நம் அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏறாது. ஆலய ஆராதனைக்குப் போய்வருவதோடு சரி. இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. ஆனாலும் தெருவே அறிந்திருக்கும். அந்த ஆண்டு கேரல் குழுவினர் எங்கள் வீட்டை நெருங்கும்போது கிதாரையும் டிரம்மையும் நிறுத்திக்கொண்டார்கள். வாசலில் நின்று ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டு, இரண்டு வீடு தாண்டிய பிறகே மறுபடியும் பாடத் தொடங்கினார்கள். அந்த நாகரிகம் என்னை நெகிழச் செய்தது. என்றாலும், அவர்கள் பாடாமல் கடந்த அந்த இரண்டு வீட்டுத் தொலைவு மிக நீளமாக இருந்தது.

அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஆலயப் பாடகர் குழுவில் முப்பதாண்டுகள் ஆல்டோ குரல் பாடியவர். அவருக்கு இளைப்பு நோய் உண்டு. பனிக்காலத்தில் கூடும். 'சைலண்ட் நைட்' பாடலில் மெட்டு மிக உயரே ஏறும் இடம் ஒன்று ஐந்தாம் அடியில் இருக்கிறது. அந்த ஏற்றத்துக்கு முன்னால் அம்மா எப்போதும் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். குழு அவருக்காகக் காத்திருக்காது. அவரும் ஒரு சுரம் பிந்தி வந்து சேர்ந்துகொள்வார். வீட்டில் தனியாகப் பாடும்போதும் அதே இடத்தில் அதே நிறுத்தம்.

அந்த டிசம்பரில் வீட்டில் பாட்டுப் போட எவருக்கும் துணிவில்லை. குரல் கேட்டால் கொண்டாட்டம் ஆகிவிடும். ஒன்றும் கேட்காமலிருந்தால் வீடு தாங்கவில்லை. ஒரு மாலையில் அலமாரியிலிருந்த குறுந்தகடு ஒன்றை ஓடவிட்டேன். முன்னர் நான் சொன்ன மேதைகளின் பதிவன்று. கலைஞரின் பெயர்கூட அட்டையில் இல்லாத, மலிவு விலைப் பியானோ தொகுப்பு. பனி மூடிய மரங்களின் படம், 'ரிலாக்சிங்' என்ற சொல், அவ்வளவே. ஒலியைக் குறைத்து வைத்திருந்தேன். அப்பா திண்ணையில் இருந்தார். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவர் தேவைக்கு மேல் பேசவில்லை.

'சைலண்ட் நைட்' வந்தது. வாசித்தவர் யாரோ, ஐந்தாம் அடியின் ஏற்றத்துக்கு முன்னால் சற்றே அதிகமாகத் தயங்கினார். அது அவருடைய நடை. மெதுவாக வாசிப்பவர் எவரும் செய்யக்கூடியது. அப்பா உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஒங்க அம்மா மூச்சு வாங்குறதுக்கு எடம் விட்டுல்லா வாசிக்கான்."

அதன்பின் அந்தத் தகடு ஜனவரி ஆறாம் நாள் வரை தினமும் மாலையில் ஓடியது.

* * *

பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு பாடகர் பாடிய பதிவாக இருந்தால் அந்த இடம் நிரம்பியிருக்கும். எத்தனை இனிய குரலாயினும் அது வேறொருவரின் குரல். கருவியோ, பாடுபவரின் இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு வாசிக்கிறது.

நம் மரபுக்கு இது புதிதன்று. நாகசுரத்தில் கீர்த்தனை கேட்கும்போது சொற்கள் நம் மனத்தில் ஓடுகின்றன. லால்குடி ஜெயராமனின் வயலின் பாடுகிறது என்று சொன்னவர்கள், அதில் சாகித்தியம் கேட்கிறது என்ற பொருளில்தான் சொன்னார்கள். வாத்தியம் சொல்லை அழிப்பதில்லை. கேட்பவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அம்மா இப்பாடல்களைத் தமிழில் பாடுவார், பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தோம். தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இரண்டு பாட்டு நூல்கள் உண்டு. கீர்த்தனை என்பது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் நம் இராகத்தில் நம் யாப்பில் இயற்றியது. பாமாலை என்பது மேலை மெட்டுக்கு ஏற்ப மொழிபெயர்த்தது. தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்கு வந்த பின்னர் தொடங்கி, பிற்பாடு பப்ரிசியஸ் போன்றோரால் வளர்ந்த மரபு அது. அந்த மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பு பெரிது. ஆனால் அவர்கள் எதிர்கொண்ட இடர் தமிழ் படித்தவருக்கே நன்கு புரியும். ஜெர்மனும் ஆங்கிலமும் அசையழுத்தத்தால் நடப்பவை. அழுத்தமான அசை தாளத்தின் வலுவான இடத்தில் விழுந்தால் போதும். தமிழ் குறிலும் நெடிலுமாக நடப்பது. மெட்டில் நீளும் சுரத்தின்மேல் குறில் வந்து விழுந்தால் அது நெடிலாகும், 'படம்' 'பாடம்' ஆகும், 'கலம்' 'காலம்' ஆகும். செய்யுளில் ஓசை குறையும்போது அளபெடுக்க இலக்கணம் இடம் தருகிறது. அங்கே நெடில்தான் நீளும், பொருள் கெடாது. பாமாலையிலோ குறில்கள் எல்லாம் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. தமிழாசிரியனான எனக்குப் பாமாலையைப் பாடும்போது காது சற்றுக் கூசும். அம்மாவுக்கு அந்த இழுவைதான் பாட்டு.

இந்த வழக்கு அவர் இருந்தவரை எங்களுக்குள் தீரவில்லை. பியானோவில் அது எழவே எழாது. நீண்ட சுரம் நீண்ட சுரமாகவே இருக்கிறது. அவர் தமிழையும் நான் ஆங்கிலத்தையும் அதே சுரத்தின்மேல் வைத்துக்கொள்ளலாம். 1914 டிசம்பரில் மேற்குப் போர்முனையின் அகழிகளில் ஜெர்மானியர் தம் மொழியில் இப்பாடலைத் தொடங்க, எதிர்ப்புறத்து ஆங்கிலேயர் அதே மெட்டை அறிந்துகொண்டதாகப் படிக்கிறோம். சொல் இரண்டாக இருந்த இடத்தில் மெட்டு ஒன்றாக இருந்திருக்கிறது.

* * *

எதிர்வாதம் ஒன்றையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். சொல் போனால் துயரமும் மறைந்துவிடும், கசப்பை நீக்கிய மருந்துபோல் பாட்டு வெறும் இனிப்பாகிவிடும் என்பார்கள். 'கோவென்ட்ரி கேரல்' இதற்கு அவர்கள் காட்டத்தக்க சான்று. இன்றைய 'ரிலாக்சிங்' தொகுப்புகள் பலவற்றில் அது இடம்பெறுகிறது. கணப்பின் படமும் பனியின் படமும் சேர்ந்து ஓடுகின்றன. ஆனால் அந்தப் பாடல் எதைப் பற்றியது? பதினாறாம் நூற்றாண்டில் கோவென்ட்ரி நகரத்துத் தையற்காரர் முதலிய தொழிற்கூட்டத்தார் நடத்திய சமய நாடகத்தில், ஏரோது மன்னனின் வீரர்கள் கொல்ல வருவதை அறிந்த பெத்லகேம் தாய்மார்கள் தம் கைக்குழந்தைகளுக்குப் பாடும் தாலாட்டு அது. குழந்தை அழுதால் இருக்குமிடம் தெரிந்துவிடும்.

தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே மெட்டுக் குடும்பத்தில் பிறந்தவை என்பது நம் நாட்டுப்புறவியல் அறிந்ததுதான். இரண்டையும் பாடியவர்கள் பெண்களே. கோவென்ட்ரி கேரலில் அவை இரண்டும் ஒரே பாட்டாக இருக்கின்றன. மெட்டு சாதாரண காந்தாரத்தின் சோகத்திலேயே நடந்து, ஈற்றில் மட்டும் எதிர்பாராமல் அந்தர காந்தாரத்துக்குத் தாவி, வெளிச்சமான சுரக்கட்டில் முடியும். அந்த முடிவை நம்பிக்கை என்று சொல்லலாம். குழந்தை உறங்கிவிட்டது என்றும் சொல்லலாம். வேறு பொருளும் கொள்ளலாம். 1940 நவம்பர் 14 இரவில் ஜெர்மானிய விமானங்கள் கோவென்ட்ரியைக் குண்டுவீசி அழித்தன. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்று இடிந்து கூரையற்று நின்ற பேராலயத்திலிருந்து இந்தப் பாடல் பாடப்பட்டு பி.பி.சி. வானொலியில் ஒலித்தது.

சொல் தெரியாமல் இதைப் பின்னணியாகக் கேட்பவர் துயரத்தைத் தவறவிடுகிறாரா? நான் என் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லாமல் ஒருமுறை கிதார் வடிவில் ஒலிக்கச் செய்தேன். இது எத்தகைய பாட்டாக இருக்கும் என்று கேட்டேன். தாலாட்டு என்றார்கள் சிலர். ஒரு மாணவி மட்டும், "யாரோ சத்தம் வராம அழுற மாதிரி இருக்கு ஐயா" என்றாள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. துயரம் சொல்லில் மட்டும் குடியிருப்பதில்லை. அது மெட்டின் எலும்பில் இருக்கிறது. கேட்பவர் இளைத்தவராக இருந்தால் அது அவரை அடையாளம் கண்டுகொள்ளும்.

மியூசாக் வகையையும் இந்த இசையையும் பிரிக்கும் கோடு இதுதான் என்று கருதுகிறேன். முதலாவது, இளைப்பை மறக்கச் செய்து நம்மை மீண்டும் வேலைக்கு அனுப்புவது. மற்றது, இளைப்பை அறிந்து அதன் பக்கத்தில் அமர்வது. இரண்டும் ஒரே அட்டைப்படத்தோடு வரக்கூடும், ஒரே சொல்லால் விற்கப்படக்கூடும். கேட்டுத்தான் பிரித்தறிய வேண்டும்.

* * *

புதிதாகக் கேட்க விரும்பும் நண்பர்களுக்குச் சில சொற்கள். ஃபேஹியைப் பகல் வெளிச்சத்தில் கேளுங்கள். குவரால்டி மாலைக்கு, வீட்டில் நான்கு பேர் இருக்கும்போது. வின்ஸ்டனின் 'டிசம்பர்' எல்லோரும் உறங்கிய பின்னர் தனியே கேட்பதற்கு. நம் ஊரில் பனி விழாது என்பது ஒரு குறையன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, முன்பனி இறங்கி, கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும் மார்கழி இரவு அந்தப் பியானோவுக்குப் போதுமான அளவு குளிர்ந்தது.

'சைலண்ட் நைட்' மட்டும் கிதாரில் கேளுங்கள். அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. நெப்போலியன் காலப் போர்கள் ஓய்ந்து, 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வராமல் பயிர்கள் பொய்த்த காலத்தில், யோசப் மோர் என்ற இளம் குரு அதன் சொற்களை எழுதினார். இரண்டாண்டுகள் கழித்து, 1818 டிசம்பர் 24 அன்று, சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டோர்ஃப் என்னும் ஆற்றங்கரைச் சிற்றூரில், பள்ளி ஆசிரியரும் ஆர்கன் வாசிப்பவருமான பிரான்ஸ் சேவியர் குரூபர் அதற்கு மெட்டமைத்தார். அன்றிரவு இருவரும் சேர்ந்து பாடினார்கள். ஆலயத்தின் பெரிய ஆர்கன் அதில் பங்குபெறவில்லை. மோரின் கையில் இருந்த கிதார்தான் துணை. போரிலும் பஞ்சத்திலும் இளைத்திருந்த சிறு சபைக்கு முன்னால் அந்தக் கிதார் எழுப்பிய ஒலி பெரிதாக இருந்திருக்க முடியாது. அந்த ஆலயத்தை வெள்ளம் பாதித்துப் பின்னர் இடித்துவிட்டார்கள். இப்போது அவ்விடத்தில் ஒரு சிறிய நினைவுச் சிற்றாலயம் நிற்கிறது.

ஒலியை மிகவும் கூட்டி வைக்காதீர்கள். பக்கத்து அறையில் யாரோ வாசிப்பதுபோல் இருந்தால் போதும்.